பாதியில் பாதி

ஐஸ் பெட்டி நிலைவாசலுக்குள் நுழைய மறுத்தது. நேராகக் கொண்டுபோனால் படி இடித்தது, சாய்த்தால் நிலை இடித்தது. "பின்னால தூக்குலே, பின்னால" என்று ஒருவர் கத்த, முன்னால் நின்றவர்கள் தூக்கினார்கள். எதிர் வீட்டு ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு சிவரஞ்சனி அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இந்த மாதிரி இடுக்கில் ஒன்றைத் திருப்ப வேண்டுமென்றால் அப்பாவைத்தான் கேட்க வேண்டும் என்று அவள் மனது தன்பாட்டுக்கு நினைத்தது. அப்பா சோணைமுத்து முப்பது வருடம் டவுன் பஸ் ஓட்டியவர். ராஜபாளையம் பழைய பஸ் ஸ்டாண்டில் மற்ற டிரைவர்கள் கண்டக்டரின் விசிலுக்குக் காத்திருக்க, அவர் வெற்றிலையை மென்றுகொண்டே ரிவர்ஸ் எடுத்துவிடுவார். பெட்டி அவருக்காகத்தான் வந்திருக்கிறது என்பது அடுத்த நொடியில்தான் அவளுக்கு உறைத்தது.

"கூர்ச்சோம்மா, கூர்ச்சோ. நின்னுக்கிட்டே இருந்தா காலுல நீர் கோத்துக்கும்" என்று வெங்கடேஸ்வரி அக்கா ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை அவளுக்குப் பின்னால் நகர்த்தி வைத்தாள். வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்கள். அக்காவுக்குப் பதற்றம் வந்தால் இரண்டு பாஷையும் சேர்ந்து வரும். காலையிலிருந்து இந்த நாற்காலியைத்தான் நகர்த்திக்கொண்டிருக்கிறாள். ரஞ்சனி உட்காரவில்லை. உட்கார்ந்தால் ஜன்னல் திட்டு மறைத்துவிடும்.

அவளுக்கு எட்டாம் மாதம். பிள்ளைத்தாய்ச்சி சாவு வீட்டுக்குள் போகக் கூடாது, செத்தவர் முகத்தைப் பார்க்கக் கூடாது. விடிந்தும் விடியாமலும் தம்பி விஜி போனில் அழுதபோது, ஸ்ரீவில்லிபுத்தூரில் அவள் மாமியார் முதலில் சொன்னது இதைத்தான். கெட்ட மனுஷி இல்லை. சொல்லிவிட்டு அவரும் உட்கார்ந்து அழுதார். "நீ இங்கருந்தே அழு தாயி, சாமி ஒண்ணும் கோவிக்காது" என்றார். கடைசியில் அவள் கணவன் லிங்கேஸ்வரன் நடுவில் புகுந்து ஒரு வழி சொன்னான். தெருவரைக்கும் போகலாம், எதிர் வீட்டில் இருக்கலாம், உள்ளே மட்டும் கூடாது. "பக்கத்துலதான இருக்கப்போற? பொறவென்ன?" என்றான். அவனைக் குற்றம் சொல்லவும் முடியாது. மூன்று வருடத்துக்கு முன்னால் ஒன்று கலைந்துபோனபோது அவளைவிட அதிகமாக அழுதவன் அவன்.

பக்கத்தில்தான். குறுக்கே ஒரு தெரு, அவ்வளவுதான். மினி வேன் ஒன்று வந்தால் எதிரே வருகிற சைக்கிள்காரன் இறங்கி ஒதுங்க வேண்டிய தெரு. இரண்டு மாதமாக, ஒரே ஒரு நாள் தவிர, அப்பாவை அவள் பார்த்ததெல்லாம் இந்தத் தெருவுக்கு இந்தப் பக்கம் நின்றுதான்.

முதுகுவலி டிரைவர் வேலையோடு கூடவே வருவது என்று அப்பா நினைத்திருந்தார். ரிட்டயர் ஆன பிறகும் வலி போகாததால் சீட்டைக் குறை சொல்ல வழியில்லாமல் டாக்டரிடம் போனார். மூத்திரப் பைக்குப் பக்கத்தில் புற்று என்றார்கள். எலும்புக்குப் பரவியிருக்கிறதா என்று பார்க்க மதுரைக்கு அனுப்பினார்கள். அங்கே ஸ்கேன் எடுக்கிற டெக்னீஷியன் பெனின், விஜியோடு பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் இருந்தவன். அவனே கூட நின்று எடுத்துக்கொடுத்தான். அன்றைக்குத் திரும்பி வந்ததும் விஜி போன் பண்ணினான்.

"அக்கா, இது எக்ஸ்ரே மாதிரி இல்ல. எக்ஸ்ரேன்னா வெளியருந்து உள்ள அடிக்கும். இது உள்ளருந்து வெளிய வரும். ஊசியில ஒரு மருந்து ஏத்துதாவ, அது போய் எலும்புல ஒட்டிக்குது. நோய் உள்ள எடத்துல கூடுதலா ஒட்டுது. அதுலருந்து கதிர் வெளிய வருது. மெஷினு சும்மா மேல நின்னு பாத்துக்கிட்டே இருக்கு."

"அப்பாவுக்கு என்னன்னு சொல்லுலே முதல்ல."

விஜி சொன்னான். பரவியிருந்தது. முதுகெலும்பு, இடுப்பு, விலா எல்லாவற்றிலும். அவள் அப்போதே பஸ் ஏறி வருகிறேன் என்றாள்.

"நீ வரக் கூடாதுக்கா. அப்பா மேலருந்து கதிர் வருதுல்ல. மாசமா இருக்கவங்களுக்கு ஆகாதாம். பிரசவம் முடியுற வரைக்கும் நீ தள்ளித்தான் இருக்கணும்னு டாக்டர் சொல்லிட்டாரு."

அவள் நம்பினாள். மாதா மாதம் செக்கப்புக்குப் போகிறவள், அங்கே ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அப்பாவும் போனில் அதையேதான் சொன்னார், அப்பா சொன்ன பிறகு இன்னொரு டாக்டர் எதற்கு?

வளைகாப்புக்கு அப்பா வந்தார். ஆனால் ஆட்டோவை விட்டு இறங்கவில்லை. மண்டபத்துக்கு வெளியே வேப்பமரத்தடியில் ஆட்டோவுக்குள்ளேயே உட்கார்ந்திருந்தார். வளையல் அடுக்கிய கையை அவள் வாசலில் நின்று தூக்கிக் காட்டினாள். அவரும் உள்ளிருந்து கையைத் தூக்கிக் காட்டினார். வளைகாப்பு முடிந்ததும் பெண்ணைத் தாய் வீட்டுக்கு அழைத்துப்போக வேண்டும். அழைத்துப்போகவில்லை. அம்மா வெள்ளைத்தாய் மட்டும் அவள் கன்னத்தை வழித்து முத்தமிட்டுவிட்டு, ஆட்டோவில் ஏறாமல் பஸ்ஸில் போனாள். அன்றைக்கு அம்மாவும் அப்பாவும் சண்டை போட்டிருக்கிறார்கள் என்று ரஞ்சனிக்குத் தெரியும், எதற்கென்று தெரியவில்லை.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகள். லிங்கேஸ்வரனோடு ராஜபாளையம் வந்து வெங்கடேஸ்வரி அக்கா வீட்டு வாசலில் நிற்பாள். எதிரே விஜி அப்பாவைக் கைத்தாங்கலாகக் கூட்டிவந்து நிலைவாசலில் நாற்காலி போட்டு உட்காரவைப்பான். தெருவுக்கு இந்தப் பக்கம் அவள் காதில் ஒரு போன், அந்தப் பக்கம் அவர் காதில் ஒரு போன். அவர் வாய் அசைந்து ஒரு இம்மி நேரம் கழித்துத்தான் குரல் காதில் விழும்.

"சாப்ட்டியா தாயி?"

"சாப்ட்டேன்ப்பா. நீங்க?"

"கஞ்சி குடிச்சேன். உள்ள இருக்க ஆளு என்ன செய்தாரு?"

"காலையிலருந்து ஒரே உதை."

"கிளட்ச் பழகுதாரு போல."

அவள் சிரிப்பாள். அவரும் சிரிப்பார். நடுவில் தண்ணீர் கேன் வண்டி ஒன்று வந்து நின்றுவிடும். குரல் மட்டும் காதில் இருக்கும், ஆள் தெரியாது. வண்டி நகரும்வரை அவள் எம்பி எம்பிப் பார்ப்பாள். ஒவ்வொரு வாரமும் நாற்காலியில் ஆள் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துகொண்டே வந்தார். சட்டை மட்டும் அதே சட்டை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளால் முடியவில்லை. பேசிக்கொண்டே இரண்டு அடி இறங்கித் தெருவுக்கு வந்துவிட்டாள். அப்பா போனைப் போட்டுவிட்டு நிலையைப் பிடித்துக்கொண்டு எழுந்துவிட்டார். எழுந்து நிற்க முடியாத மனிதர். "போ, போ, அங்கயே நில்லு" என்று தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்தினார். அவள் பின்வாங்கினாள். வலியில் அவர் முகம் கோணிப்போனது இந்தப் பக்கமே தெரிந்தது. அதற்குப் பிறகு அவள் தெருவில் கால் வைக்கவில்லை.

அவளுக்கு வேண்டியிருந்தது பெரிதாக ஒன்றுமில்லை. கொஞ்ச நேரம் அவர் பக்கத்தில் உட்கார வேண்டும். காலை எடுத்து மடியில் போட்டு அமுக்க வேண்டும். பேசக்கூட வேண்டாம். மூன்று மாதத்தில் பிள்ளை பிறந்துவிடும், அப்புறம் போய் உட்காரலாம் என்று நாளை எண்ணிக்கொண்டிருந்தாள். அவர் காத்திருப்பார் என்று நினைத்தாள். அவர் எதற்கும் லேட்டாகப் போனதுமில்லை, சீக்கிரம் கிளம்பியதுமில்லை.

விஜியிடம் கெஞ்சி அந்த ஸ்கேன் படத்தைப் போனில் வாங்கி வைத்திருந்தாள். ஒரே ஆளின் எலும்புக்கூடு இரண்டு, முன்பக்கம் ஒன்று, பின்பக்கம் ஒன்று. நோய் இருக்கிற இடமெல்லாம் மை சிந்தின மாதிரி கறுப்பாக இருந்தது. முதலில் பார்க்கவே பயமாக இருந்தது. பிறகு பார்த்தாள், இடது தோள் ஒரு பக்கமாக இறங்கியிருந்தது. முப்பது வருடம் கியர் போட்டுப் போட்டு இறங்கின தோள். எலும்பாக நின்றாலும் அப்பா அப்பாவாகத்தான் இருந்தார். அதிலிருந்து பயம் போய்விட்டது. மத்தியானம் வீட்டில் யாரும் இல்லாதபோது அந்தப் படத்தைத் திறந்து இரண்டு விரலால் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பாள். அவர் உடம்பிலிருந்தே வெளிவந்த வெளிச்சத்தில் எடுத்த படம் அது என்று நினைக்கையில் அவளுக்கு ஏனோ ஆறுதலாக இருக்கும்.

எதிரே பெட்டி ஒரு வழியாக உள்ளே போய்விட்டது. மாலைகளோடு ஆட்கள் வரத் தொடங்கினார்கள். பழைய கண்டக்டர்கள், மில் ஆட்கள், டிப்போவிலிருந்து காக்கிச் சட்டையோடு சிலர். உள்ளே பெட்டி எந்தப் பக்கம் இருக்கிறது, தலை எந்தப் பக்கம் என்று இங்கிருந்து தெரியவில்லை. ஆட்கள் விலகும்போது கண்ணாடி மூடியில் டியூப்லைட் மின்னுவது மட்டும் தெரிந்தது.

பெனின் மதியம் வாக்கில் வந்தான். மாலை போட்டுவிட்டு வெளியே வந்து செருப்பைத் தேடிக்கொண்டிருந்தவன் ஜன்னலில் அவளைப் பார்த்துவிட்டுத் தெருவைக் கடந்து வந்தான்.

"அக்கா" என்றான். ஜன்னலுக்கு வெளியே நின்றான். "உள்ள போகலையாக்கா?"

"கூடாதாம்லா."

"எங்க வீட்லயும் அப்படித்தான் சொல்லுவாங்க." பிறகு, "போன வாரம் வந்து பக்கத்துல இருந்தீங்களாக்கா? ரெண்டு நாளாப் பேச்சே இல்லன்னு விஜி சொன்னான்" என்றான்.

"ஞாயித்துக்கெழம பாத்தேன். இந்தா, இங்க நின்னு."

"இங்கயா? இங்க எதுக்கு?"

ரஞ்சனிக்கு எரிச்சலாக வந்தது. "என்ன தம்பி, தெரியாத மாதிரி கேக்க? நீதான ஸ்கேன் எடுத்த. கதிர் வரும், புள்ள பெறந்த பொறவுதான் கிட்டப் போகணும்னு உங்க டாக்டர்தான சொன்னாரு."

பெனின் அவளைப் பார்த்தான். பிறகு எதிர் வீட்டைப் பார்த்தான். பதில் சொல்லாமல் போய்விடலாமா என்று அவன் யோசித்தது அவளுக்கே தெரிந்தது.

"அக்கா, அது ஒரு நாளைக்கு" என்றான்.

"எது?"

"கிட்டப் போகக் கூடாதுன்னது. அன்னைக்கு ஒரு நாளைக்குத்தான். மறுநா சாயங்காலம் நீங்க அவிய பக்கத்துலயே படுத்திருக்கலாம்."

அவள் திரும்பவும் "எது?" என்றாள். கேட்டது காதில் விழாமல் இல்லை. இன்னொரு முறை கேட்டால் வேறு மாதிரி சொல்லுவான் என்று ஒரு நப்பாசைதான். அவன் வேறு மாதிரி சொல்லவில்லை. இரண்டு மாதம். அத்தனை ஞாயிற்றுக்கிழமையும் நடுவில் இருந்தது வெறும் தெரு மட்டும்தான். அவள் கம்பியை இறுக்கிப் பிடித்ததில் வளையல்கள் நெரிபட்டன. வெங்கடேஸ்வரி அக்கா ஓடிவந்து தோளைப் பிடித்துக்கொண்டாள்.

"நான் அப்பாகிட்டயே சொன்னேனேக்கா" என்றான் பெனின். "மெஷினுக்குக் கீழ படுத்திருந்தாரு. அசையக் கூடாதுன்னு சொல்லியிருந்தேன்லா, அசையாம மேல பாத்துக்கிட்டே கேக்காரு. 'ஏலே பெனினு, இது எப்ப தீரும்'னாரு. ஆறு மணி நேரத்துக்கு ஒருக்க பாதியாக் கொறையும்ப்பான்னேன். 'பொறவு?'ன்னாரு. அதுல பாதின்னேன். 'பொறவு?' அதுலயும் பாதி. 'அப்ப தீரவே தீராதா? பாதி போனா பாதி நிக்கும். அதுல பாதி போனாலும் பாதி நிக்கும்லா'ன்னாரு. எனக்குச் சிரிப்பு வந்துட்டு. நீங்க சொல்லுதது சரிதாம்ப்பா, ஆனா ஒரு நாளைக்குப் பொறவு அது கணக்குல வராதுன்னேன்."

"என்ன சொன்னாரு?"

"'கணக்குல வராதுன்னா இல்லன்னு ஆயிருமா'ன்னாரு. நான் அதுக்கும் சிரிச்சேன். தமாசுக்குக் கேக்காருன்னு நெனச்சிட்டேன்க்கா."

அவன் போய் விஜியை அனுப்பினான். விஜி மொட்டையடிக்கப் போகிற தலையோடும் அழுது வீங்கின கண்ணோடும் வந்து நின்றான். பெனின் சொல்லியிருக்க வேண்டும், அவள் கேட்பதற்கு முன்னாலேயே அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"டாக்டர் சொன்னாருன்னு சொன்னியேலே."

"சொல்லச் சொன்னாருக்கா. டாக்டரு பேரச் சொன்னாத்தான் அவ கேப்பான்னாரு."

"அவரு சொல்லச் சொன்னா நீ சொல்லிருவியா? அம்மாவுக்கும் தெரியும், அப்படித்தான?"

"நாங்க எம்புட்டோ சொல்லிப் பாத்தோம். அன்னைக்கு வளைகாப்புல அம்மா அதுக்குத்தான் சண்ட போட்டா. 'அவகிட்ட உண்மையச் சொன்னியன்னா, நான் மாத்திரைய நிப்பாட்டிருவேன்'னாரு. சும்மா சொல்லுதாருன்னு நெனச்சோம். நிப்பாட்டிட்டாருக்கா. வலியில வாயில துண்டக் கடிச்சுக்கிட்டுக் கெடந்தாரு. அம்மா கால்ல விழுந்து, சொல்ல மாட்டோம்னு சத்தியம் பண்ணின பொறவுதான் முழுங்குனாரு."

ரஞ்சனிக்குக் கோபம் வந்தது. செத்துக் கிடக்கிற மனிதர்மேல் வரக் கூடாத கோபம். போய் அந்தப் பெட்டியைத் தட்டி எழுப்பி, 'யாரைக் கேட்டு இப்படிச் செஞ்சிய' என்று கேட்க வேண்டும் போல இருந்தது. அவளுக்கு வேண்டியதை அவர் எப்போதும் கேட்காமலேயே வாங்கிக்கொடுப்பார். இதை மட்டும் கேட்காமலேயே பிடுங்கிவிட்டார்.

"எதுக்குலே இம்புட்டு? பெனின் அம்புட்டுத் தெளிவாச் சொல்லியிருக்கான்."

விஜி தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"மொதப் பிள்ள கலைஞ்சதுல்லா. அதுக்கு முந்துன நா நீ அப்பா பஸ்ஸுலதான வந்த?"

அவள் மறந்தே போயிருந்தாள். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வந்த பஸ். இன்ஜினை ஒட்டின முன் சீட்டில் உட்கார்ந்துகொண்டு, யாருக்கும் சொல்லாத சேதியை அவரிடம்தான் முதலில் சொன்னாள். அவர் சாலையை விட்டுவிட்டு அவள் முகத்தைப் பார்த்தார். மில் வாசலில் இருந்த வேகத்தடையில் பஸ் ஏறிக் குதித்தது. பின்னால் இருந்தவர்கள் எல்லோரும் சத்தம் போட்டார்கள். அப்பாவும் அவளும் சிரித்தார்கள். அவ்வளவுதான் நடந்தது.

"டாக்டரம்மா அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லன்னாவளே. கரு சரியா உருவாகலன்னு அம்மாகிட்ட எழுதியே குடுத்தாவ."

"அப்பா நம்பலக்கா. 'சம்பந்தம் இல்லன்னு சொல்ல அந்தம்மாவுக்கு என்ன தெரியும், வண்டி ஓட்டுனது நான்லா'ன்னாரு. அதுலருந்து ரிட்டயர் ஆகுத வரைக்கும் அந்த எடத்துல வண்டிய நிப்பாட்டி, உருட்டித்தான் எடுப்பாரு. கண்டக்டர் எல்லாம் கேலி பண்ணுவாவ."

நாற்காலி பின்னாலேயே இருந்தது. உட்கார்ந்துகொண்டாள். வெங்கடேஸ்வரி அக்கா சேலைத் தலைப்பால் விசிறினாள். இப்போதாவது ஏதாவது சொல்லி அழுவாள் என்று விஜி காத்திருந்தான். பிறகு யாரோ கூப்பிட, போய்விட்டான்.

வெயில் இறங்கும் நேரத்தில் நீர்மாலைக்குப் போனவர்கள் கொட்டுச் சத்தத்தோடு அப்பாவைக் குளிப்பாட்டக் குடங்களில் தண்ணீர் எடுத்துக்கொண்டு திரும்பினார்கள். வாசலில் பெஞ்ச் போட்டார்கள். அப்பாவைப் பெட்டியிலிருந்து எடுத்துக்கொண்டுவந்து அதில் கிடத்துவது ஆள் மறைவில் துண்டு துண்டாகத் தெரிந்தது. ஒரு கால், வேட்டி, தொங்கின ஒரு கை. அதற்குள் பெண்கள் நாலு பக்கமும் சேலைகளை விரித்து மறைப்பாகப் பிடித்துவிட்டார்கள். பச்சைச் சேலை ஒன்று, மஞ்சள் ஒன்று. அதற்குப் பின்னால் எதுவும் தெரியவில்லை. ஜன்னலில் எந்த மூலைக்கு நகர்ந்து பார்த்தும் தெரியவில்லை.

ரஞ்சனி எழுந்தாள். வயிற்றைத் தாங்கிக்கொண்டு அறையைக் கடந்து நடைக்கு வந்தாள். வெங்கடேஸ்வரி அக்கா பின்னாலேயே வந்தாள். கூர்ச்சோ என்று சொல்வாள் என்று நினைத்தாள். அக்கா முன்னால் போய், சட்டென்று திறக்க வராத கம்பிக்கதவின் கொண்டியைத் தூக்கிவிட்டு ஓரமாக நின்றுகொண்டாள்.

தெருவைக் கடக்க எவ்வளவு நேரம் ஆகும்? ஒன்றும் ஆகவில்லை.

முதலில் பார்த்தது லிங்கேஸ்வரன். "ரஞ்சி, வேண்டாம், நில்லு" என்று ஓடிவந்தான். அதற்குள் அப்பாவின் தங்கை கருத்தம்மா மறைப்புச் சேலையின் ஒரு முனையை இன்னொருத்தி கையில் திணித்துவிட்டு வழியை மறித்தாள்.

"ஏட்டி, கிறுக்குப் புடிச்சிருக்கா ஒனக்கு? வயித்துல புள்ளைய வச்சிக்கிட்டு எங்க வார?"

"எண்ணெ வைக்க வாரேன் அத்த."

"வைக்கக் கூடாது. ஒனக்கும் சேத்து நான் வைக்கேன், போ. எங்கண்ணனே ஒன்னக் கிட்ட வரக் கூடாதுன்னுதான் சொல்லிக்கிட்டிருந்தான். போற நேரத்துல அவன் பேச்ச மீறாத."

"ரெண்டு மாசமா மீறல அத்த. இன்னைக்கு ஒரு நா மீறிக்கிடுதேன்."

கருத்தம்மாவுக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன. அவள் நகரவில்லை. லிங்கேஸ்வரன் ரஞ்சனியின் முழங்கையைப் பிடித்தான், பிடித்தவன் இழுக்கவும் இல்லை, விடவும் இல்லை. கொட்டு அடிப்பவர்கள் என்ன நடக்கிறது என்று தெரியாமல் நிறுத்திவிட்டார்கள்.

"கருத்தம்மா" என்று மறைப்புக்குள்ளிருந்து அம்மாவின் குரல் வந்தது. காலையிலிருந்து அழுது அழுது அந்தக் குரலில் காற்றுதான் மிச்சம் இருந்தது. "அவிய நடக்க முடியாமப் போன பொறவு கட்டிலத் திருப்பிப் போடச் சொன்னாவ. வடக்க தல வையாதியன்னு நான் சண்ட போட்டேன். கேக்கல. எதிர் வீட்டு ஜன்னலு தெரியணும்னாவ. ஞாயித்துக்கெழம எல்லா நாளும் வரும்னு நெனச்சிக்கிட்டாவளோ என்னமோ, தெனமும் பாத்துக்கிட்டே கெடந்தாவ. விடு அவள. வரட்டும்."

லிங்கேஸ்வரன் கையை எடுத்தான். கருத்தம்மா ஒரு அடி நகர்ந்தாள்.

உள்ளே இடம் குறைவாக இருந்தது. பெஞ்சைச் சுற்றித் தரை நனைந்து வழுக்கியது. அம்மா தலைமாட்டில் நின்றாள். யாரும் ரஞ்சனியை ஏறிட்டுப் பார்க்கவில்லை, வழி மட்டும் விட்டார்கள். அப்பா கண்ணை மூடிக்கொண்டு கிடந்தார். அந்தப் பக்கத்திலிருந்து பார்த்ததைவிடச் சின்ன ஆளாக இருந்தார். காதோரத்தில் நரைமுடி வளர்ந்து கிடந்தது. வெட்டிவிட யாருக்கும் நேரம் இருந்திருக்காது.

எண்ணெய்க் கிண்ணம் கை மாறிக் கை மாறி வந்தது. ஒவ்வொருவரும் இடது புறங்கையில் எண்ணெயைத் தொட்டு அவர் தலையில் மூன்று முறை வைத்துவிட்டு நகர்ந்தார்கள். புறங்கையால்தான் வைக்க வேண்டும். உள்ளங்கையால் தேய்ப்பது உயிரோடு இருப்பவர்களுக்கு.

கிண்ணம் அவளிடம் வந்தது. புறங்கையில் தொட்டு உச்சந்தலையில் வைத்தாள். ஐஸ் பெட்டியின் குளிர் கையில் ஏறியது. இரண்டாவது முறையும் வைத்தாள். மூன்றாவது முறை வைக்கப்போன கையைத் திருப்பி, உள்ளங்கை முழுவதையும் அவர் தலையில் பதித்தாள். எண்ணெய் முடிக்குள் இறங்குமாறு மெதுவாகத் தேய்த்தாள்.

"புறங்கையில தாயி, புறங்கையில" என்று பின்னால் யாரோ மெல்லச் சொன்னார்கள்.

அவள் கையை எடுக்கவில்லை. அடுத்து சீயக்காய்க் கிண்ணத்தோடு நின்றவள் அவசரப்படுத்தவில்லை.